டாக்டரம்மா பதில்கள்: கடைசி நாட்களில் மயக்க ஊசி

கேள்வி: எங்கய்யனுக்கு நுரையீரலில் புற்றுநோய். முற்றிய பிறகுதான் தெரிந்தது. கடைசி வாரம் படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் மூச்சுக்குத் தவித்தார். கோவையில் பார்த்த பெரிய டாக்டர், "தூங்க வைக்க மருந்து இருக்கு, ஆனா நான் போடமாட்டேன், நாளைக்கு என்னைத்தான் சொல்வீங்க" என்று அனுப்பிவிட்டார். ஈரோட்டிலிருந்து வந்த வேறொரு டாக்டர் வீட்டிலேயே ஊசி போட்டார். மூன்றாம் நாள் தூக்கத்திலேயே போய்விட்டார். இப்போது பங்காளிகள், "தோட்டத்த எழுதி வாங்கிட்டு ஊசி போட்டு முடிச்சுட்டாங்க" என்கிறார்கள். நாங்கள் செய்தது தப்புங்களா?
- காங்கயம் பக்கத்து வாசகர்

பதில்: தப்பே இல்லை தம்பி. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், ஊசி போடுவதற்கு முன்பே ஐயனுக்கு மிச்சம் இருந்தது சில நாட்கள்தான். அந்த நாட்களைத் தவிப்பில்லாமல் கழிக்க வழி செய்திருக்கிறீர்கள்.

இதற்கு வழக்கமாகக் கொடுப்பது மிடசோலம் என்ற மயக்க மருந்து. தோலுக்கடியில் சின்ன ஊசியைச் செருகி, குறைந்த அளவில் தொடங்கி, தவிப்பு அடங்கும் வரை மட்டும் ஏற்றுவோம். அடங்கியதும் அங்கேயே நிறுத்திக்கொள்வோம். ஆளை முடிக்க நினைப்பவர் இப்படிப் படிப்படியாக அளந்து கொடுக்கமாட்டார். இத்தாலியில் 2009-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், மயக்க மருந்து பெற்றவர்களில் பாதிப்பேர் 12 நாளோ அதற்கு மேலோ, பெறாதவர்களில் பாதிப்பேர் 9 நாளோ அதற்கு மேலோ வாழ்ந்தார்கள். சீட்டுப் போட்டு ஆளைப் பிரித்துச் செய்த ஆய்வு இல்லை அது. சாகக் கிடப்பவர்களிடம் அப்படிச் செய்யவும் முடியாது. ஆனால் இந்த மருந்து ஆயுளைக் குறைக்கிறது என்பதற்கு அதில் சான்று இல்லை. உங்கள் பங்காளிகளிடம் இதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.

கோவை டாக்டரை நான் திட்டப்போவதில்லை. எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தில் நோய்த்தணிப்பு சிகிச்சை, அதாவது குணமாகாத நோயில் தவிப்பைக் குறைக்கும் சிகிச்சை, சேர்ந்ததே 2019-இல்தான். அதற்கு முன் படித்த எங்களுக்கு உயிரைக் காப்பாற்றச் சொல்லிக் கொடுத்தார்கள், போகிறவரின் பக்கத்தில் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை. அதனால் பல டாக்டர்கள் இதையும் கருணைக்கொலையையும் ஒன்றாக நினைத்துப் பயப்படுகிறார்கள். கருணைக்கொலை என்றால் மருந்து கொடுப்பதே சாவதற்காக. அது நம் நாட்டில் குற்றம். இங்கே நோக்கம் தவிப்பை அடக்குவது. தேவைப்பட்டால் மருந்தைக் குறைத்து ஆளை விழிக்க வைக்கவும் பார்க்கலாம்.

சட்டத்தைவிட அவர்கள் அதிகம் பயப்படுவது சொந்தக்காரர்களுக்கு. அந்தப் பயம் பொய்யில்லை. நம் பக்கம் தோட்டம் இருக்கிற வீட்டில் இந்தப் பேச்சு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அதனால் மருந்தைத் தொடுவதற்கு முன் எல்லாரையும் வீட்டு ஆசாரத்தில் உட்கார வைப்பேன். பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி இருந்தால் அவர்களையும் வரச்சொல்லுவேன். என்ன மருந்து, எதற்கு, இதற்கு முன் என்னென்ன கொடுத்தும் கேட்கவில்லை என்பதைச் சொல்லி, கேஸ் ஷீட்டிலும் எழுதிவிடுவேன். அதற்கும் முன்னால், நினைவு தெளிவாக இருக்கும்போதே நோயாளியிடம் கேட்டுவிட வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டும்போது கேட்கிற கேள்வியில்லை அது.

மனசு ஒப்பவில்லை என்றால் ஒரு டாக்டர் இதைச் செய்யாமல் இருக்கலாம். ஆனால் செய்யக்கூடிய இன்னொருவரைக் கைகாட்டி விட்டிருக்க வேண்டும். மூச்சுத் திணறுகிறவரை வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்பியதை என்னால் ஏற்க முடியவில்லை.

கேள்வி: எங்கள் வார்டில் ஒரு பாட்டி, "போதும் சாமி, என்னயத் தூங்க வெச்சிரு" என்று தினமும் கேட்கிறார். வலி கட்டுக்குள் இருக்கிறது. ஒரு சீனியர் கொடுக்கலாம் என்கிறார், இன்னொருவர் கூடவே கூடாது என்கிறார். எதைக் கேட்பது?
- முதுநிலை மருத்துவ மாணவி, கோவை

பதில்: உலகம் முழுக்க டாக்டர்கள் பிரிந்து நிற்கும் இடம் இதுதான் கண்ணு. உடல் தவிப்புக்குச் சரி என்பவர்கள்கூட மனத்தவிப்பு என்றதும் தயங்குகிறார்கள். 2009-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் மனத்தவிப்புக்குத் தனி எச்சரிக்கை சொல்கிறது. சாகும்வரை தொடர்ந்து ஆழ்ந்த மயக்கத்தில் வைப்பதென்றால், இரண்டு வாரத்துக்கு மேல் உயிர் தங்காது என்ற நிலையில்தான் என்கிறது நெதர்லாந்து. பிரான்ஸ் 2016-இல், சில நிபந்தனைகளோடு, அதை நோயாளியின் உரிமையாகவே சட்டத்தில் எழுதிவிட்டது.

பாட்டிக்கு இப்போது தொடர் மயக்கம் கொடுக்க வேண்டாம் என்பேன். எது போதும் என்கிறார் என்று முதலில் கேள். நான் கேட்ட ஆத்தாக்களில் பலர், "மருமவளுக்குப் பாரமாக் கெடக்கறேன்" என்றுதான் அழுதார்கள். சிலருக்கு ராத்திரித் தூக்கமே இல்லை. மனச்சோர்வு இருக்கிறதா என்று மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல். அதற்குப் பிறகும் தவிப்பு இருந்தால், ராத்திரி மட்டும் மருந்து கொடுத்துக் காலையில் விழிக்க விடுகிற முறை இருக்கிறது. இரண்டு ராத்திரி நன்றாகத் தூங்கி எழுந்து, "காப்பித் தண்ணி குடு" என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லாருக்கும் அப்படி ஆகாது. அப்போது சீனியர்கள் இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசு, தனித்தனியாக வேண்டாம்.

கேள்வி: மயக்கத்தில் இருந்த அம்மாவுக்குப் பிள்ளைகள் கையால் பால் ஊற்ற முடியாமல் போனது நெஞ்சை அறுக்கிறது.
- வாசகி, பொள்ளாச்சி

பதில்: விழுங்க முடியாதவருக்கு ஊற்றினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும். அதனால் தடுத்திருப்பார்கள். ஆனால் பஞ்சில் நனைத்து உதட்டில் தொட்டு வைக்க எந்த டாக்டரும் தடை சொல்லமாட்டார். அதை உங்களுக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும். சாப்பாடு, தண்ணீர், குளுக்கோஸ் பற்றிய முடிவு வேறு, மயக்க ஊசி பற்றிய முடிவு வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை குடும்பத்துக்கு உண்டு.

கேள்வி: வீட்டிலேயே பார்த்துக்கொள்ள யாரைக் கேட்பது?
- தாராபுரம் வாசகர்

பதில்: 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நோய்த்தணிப்பு சிகிச்சையும் இருக்கிறது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து, வீட்டுக்கு வரும் நர்ஸ் யார் என்று கேளுங்கள். மயக்க ஊசியை வீட்டில் தொடங்குவதென்றால், மருந்தின் அளவைப் பார்த்து மாற்ற அடிக்கடி வரவும், ராத்திரி போனை எடுக்கவும் சம்மதிக்கிற டாக்டர் வேண்டும். அப்படி ஒருவரை, நோயாளி பேசிக்கொண்டு இருக்கும்போதே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.