வராவிட்டால் குறை சொல்ல ஓர் ஆள்

அன்புள்ள தம்பிக்கு,

நான் திருகோணமலையில், உவர்மலையில் இருக்கிறேன். கணித ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மனைவி தவறி இரண்டு வருடமாகிறது. மகன் ரொறன்ரோவில், மகள் கொழும்பில். வீடு சொந்தம். மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வங்கிக்கு வந்துவிடும். சீனி வருத்தம் இருக்கிறது, ஆனால் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பிள்ளைகள் இருவரும் தினமும் வட்ஸ்அப்பில் முகம் பார்த்துக் கதைக்கிறார்கள். குறை என்று சொல்ல எதுவும் இல்லை.

போன மாதம் கோயிலில் ஒரு சொற்பொழிவு. மனிதனுக்கு வேண்டியது மன நிம்மதி ஒன்றுதான், மற்றதெல்லாம் தானாக வரும் என்றார் பேச்சாளர். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு மட்டும் எரிச்சல் வந்தது. நிம்மதி என்னிடம் தாராளமாக இருக்கிறது தம்பி. காலையில் ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. எழும்பி என்ன செய்வது என்று தெரியாமல் ஏழு மணி வரை படுத்துக் கிடக்கிறேன்.

ஆசிரிய கலாசாலையில், மனிதனின் தேவைகளைப் பற்றி உளவியலாளர் மாஸ்லோ சொன்ன முக்கோணத்தைப் பாடமாக்கினோம். அடியில் சோறும் தண்ணீரும், அதற்கு மேல் பாதுகாப்பு, பிறகு அன்பு, பிறகு மதிப்பு, உச்சியில் தன்னை முழுமையாக்கிக்கொள்வது. ஐந்து படியும் ஏறிவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். மகன் கனடாவுக்கு வந்துவிடச் சொல்கிறான். போகவா இருக்கவா என்று தெரியவில்லை. அது ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு மனிதனுக்கு உண்மையில் என்னதான் வேண்டும்? உங்களுக்கு என்ன தோன்றுகிறது?

அன்புடன்,
ஓர் உவர்மலை வாசகர்

*

அன்புள்ள ஐயா,

உங்கள் எரிச்சல் நியாயமானது. நிம்மதியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அது கிடைக்காதவர்களை நினைத்துத்தான் பேசுகிறார்கள். கடன், பிள்ளையின் பரீட்சை, கந்தோரில் மேலதிகாரி என்று ஓடித் திரிகிறவருக்கு அந்தப் பேச்சு இதமாக இருக்கும். ஏழு மணி வரை படுத்துக் கிடக்கிறவருக்கு அதையே இன்னும் ஒரு கரண்டி பரிமாறினால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

மாஸ்லோவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் இந்தத் தேவைகளைப் பற்றி எழுதியது 1943இல். அந்தக் கட்டுரையில் முக்கோணமே கிடையாது. படிகளை முக்கோணமாக அடுக்கி வரைந்தவர்கள் பிறகு வந்தவர்கள். இந்த வரிசை இறுக்கமானதல்ல, சிலருக்குத் தலைகீழாகவும் இருக்கும், ஒரு படி முழுதாக நிறைந்த பிறகுதான் அடுத்தது தோன்றும் என்றில்லை என்று அவரே அதில் எழுதியிருக்கிறார். பரீட்சைக்குப் பாடமாக்கும்போது அந்தப் பகுதி கழன்று விழுந்து, படம் மட்டும் மனதில் நின்றுவிடுகிறது. ஆகவே ஐந்து படியும் ஏறியாகிவிட்டது, இனி என்ன என்று நீங்கள் தடுமாறத் தேவையில்லை. அங்கே ஏணி எதுவும் இல்லை.

அதற்காக அடிப்படைத் தேவைகளை நான் தள்ளிப் பேசவில்லை. 2022இல், பொருளாதார நெருக்கடி நேரத்தில், இதே கேள்வியை நம் ஊரில் யாரிடமாவது கேட்டிருந்தால் எரிவாயு என்றோ மண்ணெண்ணெய் என்றோ பதில் வந்திருக்கும். சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தள்ளுவள்ளத்து இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் கரையில் குந்தியிருந்தோம். அந்த நேரத்தில் வாழ்க்கையின் பொருள் பற்றி யாராவது பேச வந்திருந்தால் வரிசையில் நின்றவர்கள் விரட்டியிருப்பார்கள். சரி, அது அப்படித்தான் இருக்க வேண்டும். வயிறு முதலில் கேட்கும். உங்கள் கேள்வி வயிறு கேட்டு முடித்த பிறகு வருகிற கேள்வி.

என் பதிலை நேராகச் சொல்கிறேன். சோறும் கூரையும் கிடைத்த பிறகு ஒரு மனிதனுக்கு மிகவும் வேண்டியது, அவர் வராவிட்டால் எங்காவது ஒரு காரியம் நின்றுபோக வேண்டும். அவர் வரவில்லையே என்று யாராவது கோபப்பட வேண்டும்.

அன்பு போதாதா என்று கேட்பீர்கள். உங்கள் பிள்ளைகள் உங்கள்மேல் உயிராக இருக்கிறார்கள் என்பது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் நீங்கள் ஐந்து மணிக்கு எழும்பினாலும் ஏழு மணிக்கு எழும்பினாலும் அவர்கள் வீட்டில் எதுவும் மாறாது. மகன் வேலைக்குப் போவார், பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போகும். இரவு திரையில் உங்கள் முகத்தைப் பார்த்து, சாப்பிட்டீர்களா, குளிசை போட்டீர்களா என்று கேட்பார்கள். கேட்பவர்கள் எல்லாம் அவர்கள், பதில் சொல்பவர் மட்டும் நீங்கள். முப்பது நாற்பது பிள்ளைகளைக் கேள்வி கேட்டே வாழ்ந்த மனிதருக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை அவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மூதூர்ப் பக்கத்துச் சம்பூர்க்காரர்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். 2006இல் போரில் அவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். மட்டக்களப்பு வரை போய், பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் என்று முகாம்களில் வருடக்கணக்காக இருந்தார்கள். அரசு பிடித்துவைத்திருந்த காணி திரும்பக் கிடைத்தது 2015, 2016இல்தான். முகாம் வாழ்க்கை சுகமாக இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. தகரக் கூரை, வெயில், தண்ணீருக்கு வரிசை. ஆனாலும் நிவாரணம் கிடைத்த காலத்தில் கதைத்துப் பார்த்தால், வயதான ஆண்கள் தகரத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டார்கள். வயலைப் பற்றிச் சொல்வார்கள், மாட்டைப் பற்றிச் சொல்வார்கள். இந்நேரம் வரம்பு கட்டியிருக்க வேண்டும், இந்நேரம் கறவை முடிந்திருக்க வேண்டும் என்று நேரம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். நிவாரண அரிசி இவர் எழும்பினாலும் எழும்பாவிட்டாலும் வரும். வயல் அப்படி இல்லை. தண்ணீர் கட்டப் போகாவிட்டால் பயிர் காய்ந்துவிடும். அந்தத் தொல்லையைத்தான் அவர்கள் தேடினார்கள்.

காணி போராட்டத்துக்கு உரிமை, நீதி, பரம்பரைச் சொத்து என்று எத்தனையோ நியாயங்கள் உண்டு, எல்லாம் சரியானவை. நான் சொல்வது அதற்குள் இருந்த இன்னொன்றை. வெளியிலிருந்து வந்த அதிகாரிகளுக்கு அது விளங்கியதாகத் தெரியவில்லை. சாப்பாடு கொடுக்கிறோமே, இன்னும் என்ன என்ற முகத்தோடுதான் பலர் வந்து போனார்கள்.

உப்புவெளிப் பக்கம், சல்லிப் பக்கம் காலையில் கரைவலை இழுக்கும்போது போய்ப் பாருங்கள். வலுவுள்ளவர்கள் முன்னால் நின்று இழுப்பார்கள். பின்னால் மணலில் ஒரு வயசாளி குந்தியிருந்து, வந்து சேர்கிற கயிற்றை வளையமாகச் சுற்றிப் போட்டுக்கொண்டிருப்பார். பெரிய பலம் வேண்டாத வேலை. ஆனால் கயிறு ஒழுங்காகச் சுற்றப்படாவிட்டால் அடுத்த முறை வலை விடும்போது சிக்கல் விழும். அவர் பிந்தி வந்தால் வலைச் சொந்தக்காரரான சம்மாட்டி வாயில் வருகிறதெல்லாம் திட்டுவார். வலையின் மடி கரைக்கு வந்து மீன் பிரிக்கும்போது அவருக்கும் ஒரு பங்கு உண்டு. அவருக்குக் கிடைக்கிற மீனைவிட அந்தத் திட்டு பெரிய சொத்து என்பது என் எண்ணம். இப்போது சில கரைகளில் உழவு இயந்திரத்தைப் பூட்டி இழுக்கிறார்கள். வேலை சீக்கிரம் முடிகிறது என்பது உண்மைதான். கடலடியைப் பற்றியும் மீன்குஞ்சுகளைப் பற்றியும் அதில் பெரிய சண்டை இருக்கிறது. கயிறு சுற்றியவர் எங்கே போனார் என்று கேட்கத்தான் ஆளில்லை.

நீங்கள் கணிதக்காரர், ஆதாரம் கேட்பீர்கள். எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1976இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு முதியோர் இல்லம், அதில் இரண்டு தளங்கள். ஒரு தளத்தில் இருந்தவர்களிடம், உங்கள் அறையை எப்படி வைப்பது, நேரத்தை எப்படிக் கழிப்பது என்பது உங்கள் பொறுப்பு என்று சொல்லி, ஆளுக்கொரு பூச்செடியைத் தெரிவு செய்யவும் அவர்களே அதைப் பராமரிக்கவும் விட்டார்கள். மற்றத் தளத்தில், உங்களை நாங்கள் நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிச் செடியைக் கையில் கொடுத்தார்கள். தண்ணீர் ஊற்றுவது தாதிமார். சில வாரத்தில் முதல் தளத்துக்காரர்கள் அதிக சுறுசுறுப்பாகவும் சந்தோஷமாகவும் இருந்தார்கள். ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தபோதும் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் ஆய்வில் இருந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. மரண வீதம் பற்றிப் பிறகு வந்த கணக்குக்கு ஆய்வாளர்களே திருத்தம் போட்டார்கள், அதனால் அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம். வேலை செய்தது செடியா, தெரிவு செய்யும் உரிமையா, இரண்டும் சேர்ந்தா என்றும் பிரித்துச் சொல்ல முடியாது. எனக்குப் பிடித்தது அதில் இருக்கிற ஒரு சின்ன விஷயம். இரண்டு தளத்திலும் அன்பாகத்தான் நடத்தினார்கள். நன்றாகப் பார்த்துக்கொள்ளப்பட்டவர்கள்தான் பின்தங்கினார்கள்.

ஒரு பெண் வாசகர் இதைப் படித்தால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். என் மனைவியே சொல்லிவிட்டார். "நான் எழும்பாவிட்டால் வீட்டில் எல்லாமே நிற்கும். எனக்கு வேண்டியது, ஒரு நாளாவது எதுவும் நிற்காமல் இருப்பது" என்றார். அவர் சொல்வதில் பிழை இல்லை. நம் வீடுகளில் பெண்களுக்கு இந்தத் தேவை அளவுக்கு மிஞ்சிக் கிடைக்கிறது, ஆண்களுக்கு ஓய்வு பெற்ற அன்றோடு அறுந்துபோகிறது. ஆகவே என் பதில் எல்லோருக்குமானது என்று நான் சொல்லவில்லை. பகலில் தையல், இரவில் இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுப்பது என்று பிள்ளைகளை வளர்க்கிற தாயிடம் போய், உன்னை நம்பி ஒரு காரியம் இருக்கிறதே, நீ பாக்கியசாலி என்று சொன்னால் அது கொடுமை. அவருக்கு வேண்டியது தூக்கம்.

அப்புறம், இந்தத் தேவை கெட்டுப்போவதும் உண்டு. நான் இல்லாவிட்டால் இந்தக் கோயில் நடக்காது, இந்தச் சங்கம் நடக்காது என்று கதிரையை விடாத பெரியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர்களுக்கும் இதே பசிதான். சாப்பிடத் தெரியவில்லை.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பொழுதுபோக்கு ஒன்றைப் பிடியுங்கள், கோயில் தொண்டு செய்யுங்கள், காலையில் கோட்டைக்குள் நடந்துபோய் மான்களைப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். மான்களுக்கு நீங்கள் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. உங்களுக்கு நாளும் நேரமும் குறித்த வேலை வேண்டும். மறுமுனையில் யாராவது காத்திருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது கணிதம். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறியதால் உயர்தரம் போக முடியாமல் நிற்கிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு. நான்கு பிள்ளைகள் போதும். செவ்வாயும் வியாழனும் நான்கு மணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று மட்டும் சொல்வேன், இலவசமாகச் செய்யாதீர்கள். இதில் என்னோடு பலர் சண்டைக்கு வருவார்கள். உங்களுக்குக் காசு தேவையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் இலவசமாகச் சொல்லிக் கொடுக்கிற மாஸ்டர் ஒரு நாள் வராவிட்டால் தாய் தகப்பன் வாயே திறக்க மாட்டார்கள். "பாவம், வயசானவர், வந்தவரை லாபம்" என்று விட்டுவிடுவார்கள். நூறு ரூபாயாவது வாங்கினால்தான் கேற்றைத் தட்டி, "என்ன சேர், நேற்று ஏன் வகுப்பு வைக்கவில்லை? பிள்ளை வந்து திரும்பிப் போயிருக்கிறான்" என்று கேட்பார்கள். காசு இல்லாத வீடு என்றால் ஒரு முருங்கைக்காய்க் கட்டையோ இரண்டு மீனையோ வாங்கிக்கொள்ளுங்கள். கேட்கிற உரிமையை மட்டும் அவர்களிடமிருந்து பறித்துவிடாதீர்கள்.

கனடா கெட்ட இடம் என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே இருப்பதுதான் உயர்ந்தது என்று மண்வாசனைக் கதையும் சொல்ல மாட்டேன். குளிர் பழகிவிடும் என்கிறார்கள். மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நான் வந்தால் எனக்கு என்ன வேலை? "பிள்ளையைப் பின்னேரம் பள்ளிக்கூடத்தால் கூட்டிக்கொண்டு வர ஆளில்லாமல் நாங்கள் இரண்டு பேரும் அல்லாடுகிறோம் அப்பா" என்று அவர் சொன்னால், யோசிக்காமல் பெட்டியைக் கட்டுங்கள். "நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும்" என்று சொன்னால், அவர் அன்பில் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, இரண்டு மாதம் விருந்தாளியாகப் போய்வாருங்கள். பயணச்சீட்டை எடுக்கும்போதே திரும்பி வருகிற திகதியையும் போட்டுவிடுங்கள்.

பேச்சாளரிடம் கோபம் வேண்டாம் ஐயா. அவருக்கு மாதத்தில் பாதி நாள் ஏதாவது ஒரு கோயிலில் பேச்சு இருக்கும். மேடையில் அவரைக் காணவில்லை என்றால் நிர்வாகசபை தொலைபேசியில் துளைத்துவிடும். அவருக்கு நிம்மதி பெரிதாகத் தெரிவதில் ஆச்சரியம் என்ன?

சல்லியில் எனக்குத் தெரிந்த வீட்டில் ஒரு பெண் பிள்ளை இந்த வருடம் இரண்டாம் முறை கணிதம் எடுக்கிறாள். பின்னக் கணக்கிலேயே நிற்கிறாள் என்று தாய் சொன்னார். உங்களுக்குச் சம்மதம் என்றால் அவர்களிடம் சொல்லிவைக்கிறேன். உவர்மலைக்கு பஸ்ஸில் வந்துவிடுவாள். தாய் கொஞ்சம் வாய்க்காரி, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்.