1984-இல் பிறந்த 14 வயதுப் பையன்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகன், உடன் படிக்கும் ஒரு பெண்ணின் பெயரில் இன்ஸ்டாகிராமில் போலிக் கணக்கு தொடங்கி, பள்ளி ஆண்டுவிழாவில் எடுத்த அவள் படத்தைப் போட்டு, அவளே எழுதுவதுபோல அசிங்கமாக எழுதியிருக்கிறான். வகுப்பு முழுக்கப் பார்த்துவிட்டது. தலைமையாசிரியை கூப்பிட்டுக் கண்டித்த அன்றே அழித்துவிட்டான். அந்தப் பெண் நான்கு நாளாகப் பள்ளிக்கு வரவில்லையாம். இவன் கெட்டவன் இல்லை. ஆறாம் வகுப்பில் கணக்குத் தொடங்கியபோது வயது போதாது என்று வந்தது. நான்தான் என் பிறந்த வருடத்தைப் போட்டுக் கொடுத்தேன். அன்றிலிருந்து ஒரு தப்பும் செய்ததில்லை. சிங்கப்பூரில் இருக்கும் இவன் அப்பாவுக்குச் சொல்லவில்லை. போனைப் பிடுங்கி வைத்துவிடலாமா? இணையத்தில் எப்படி நடந்துகொள்வது என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்க வேண்டாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தேவகோட்டை

பதில்: அம்மா, போனைப் பிடுங்குவதா வேண்டாமா என்பது கிடக்கட்டும். ‘என் பிறந்த வருடத்தைப் போட்டுக் கொடுத்தேன்’ என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி எனக்குப் போக முடியவில்லை.

அன்று அவனுக்கு 11 வயது இருக்கும். 13 வயது ஆகாதவர்களுக்குக் கணக்கு இல்லை என்பது இன்ஸ்டாகிராமின் விதி. திரை வயது கேட்டது. அவன் உங்கள் முகத்தைப் பார்த்தான். நீங்கள் போனை வாங்கி 1984 என்று போட்டு அவன் கையில் கொடுத்தீர்கள். இங்கே ‘நீ யார்’ என்று கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லலாம், அம்மாவே சொல்கிறாள் என்பதை அந்த ஒரு நிமிடத்தில் அவன் கற்றுக்கொண்டான். நீங்கள் பொய் வருடம் போட்டீர்கள். மூன்று வருடம் கழித்து அவன் பொய்ப் பெயர் போட்டான். ‘அன்றிலிருந்து ஒரு தப்பும் செய்ததில்லை’ என்று நீங்கள் சொல்லும் அந்தக் கணக்கே தப்பில்தான் திறந்தது.

அந்த வருடத்தால் வேறொன்றும் நடந்திருக்கிறது. 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அங்கே சில காவல்கள் உண்டு. கணக்கை வெளியார் பார்க்க முடியாது, முன்பின் தெரியாதவர் செய்தி அனுப்ப முடியாது, கண்ணில் படக்கூடாத பலவற்றை வடிகட்டுவார்கள். உங்கள் மகனை அது நாற்பது கடந்த ஆளாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது. வாசல் கதவை நீங்களே கழற்றி வைத்துவிட்டு, பையனுக்குப் பள்ளிக்கூடம் ஒழுக்கம் சொல்லித்தரவில்லையே என்கிறீர்கள்.

என் ஐயா பர்மாவுக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையில் எடுபிடியாக இருந்து தொழில் பழகும் பையனாகப் போனபோது அவருக்கும் 14 வயதுதான். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நம் பக்கத்துக்காரர்களுக்கு விலாசம் என்றால் தெருவும் கதவு எண்ணும் இல்லை, உங்களுக்கே தெரிந்திருக்கும். தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த, முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள் அவை. அந்த எழுத்துகளை நம்பித்தான் கடல் தாண்டிப் பணம் புரண்டது. இன்னொருவர் விலாசத்தில் கையெழுத்துப் போட்டவனை எந்தக் கடையிலும் சேர்க்க மாட்டார்கள். உங்கள் மகன் செய்தது அதுதான். ஒரு பெண்பிள்ளையின் விலாசத்தைத் திருடி, அதில் கள்ளக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்.

வயதான பிறகு ஐயா முகப்பில் உட்கார்ந்து எங்களுக்குப் பேரேடு எழுதப் பழக்கினார். ஒருநாள் தப்பாக எழுதிய தொகையை நான் பிளேடால் சுரண்டினேன். தாள் நைந்து அடுத்த பக்கம் தெரிந்தது. நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, ‘சுரண்டாதே. தப்பு தெரியும்படி ஒரு கோடு போடு, பக்கத்திலேயே சரியானதை எழுது, உன் பேரைப் போடு’ என்றார். அன்று முழுவதும் வேறு எதுவும் எழுத விடவில்லை.

உங்கள் மகன் செய்திருப்பது சுரண்டல். கணக்கை அழித்துவிட்டானாம்! பார்த்தவர்கள் மனதிலிருந்து யார் அழிப்பது? எத்தனை பேர் அதைப் படமெடுத்து வைத்திருக்கிறார்களோ? அவள் நான்கு நாளாகப் பள்ளிக்கு வராமல் இருப்பது அதனால்தான். இவ்வளவு நீளக் கடிதத்தில் அவளுக்கு நீங்கள் கொடுத்தது ஒரு வரி. மற்றதெல்லாம் உங்கள் மகனைப் பற்றிய கவலை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். இது விளையாட்டு என்று யாராவது உறவினர் வந்து சொல்வார். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் அடையாளத் திருட்டுக்கு 66சி, கணினிவழி ஆள்மாறாட்ட மோசடிக்கு 66டி என்று பிரிவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 3 ஆண்டுவரை சிறை, 1 லட்சம் ரூபாய்வரை அபராதம். 18 வயது ஆகாததால் இவன் விஷயம் இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும், சிறைக்கு அனுப்ப மாட்டார்கள். அதற்காக இது குற்றம் இல்லை என்று ஆகிவிடாது. அந்தப் பெண்ணின் பெற்றோர் புகார் கொடுக்க நினைத்தால் அது அவர்கள் உரிமை. ஊர்ப் பெரியவர்களை வைத்துத் தடுக்கப் பார்க்காதீர்கள்.

பள்ளிக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. கணினி வகுப்பில் கீபோர்டைத் தட்டப் பழக்குபவர்கள், அடுத்தவர் படத்தை எடுக்கும்முன் கேட்க வேண்டும் என்பதையும் பழக்கத்தான் வேண்டும். ஆனால் வாரத்தில் ஒரு பாடவேளை ஆசிரியர் சொல்வதை, வீட்டில் தினமும் பார்ப்பது தின்றுவிடும்.

இன்று இரவே அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவனுடைய சொந்தக் கணக்கைத் திறந்து, 1984-ஐ எடுத்துவிட்டு அவன் பிறந்த தேதியைப் போடுங்கள். ‘அன்று நான் செய்தது தப்பு’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் அவனைத் திருத்தப் போனால் அவன் உங்களை மதிக்க மாட்டான், மதிக்கவும் கூடாது. பிறகு, அந்தப் போலிக் கணக்கு தான் செய்தது, அதில் இருந்த ஒரு சொல்லும் அவளுடையது இல்லை என்று அவன் தன் கையால், தன் பெயரில் எழுதட்டும். தலைமையாசிரியையின் அனுமதி வாங்கி வகுப்பில் அவனே படிக்கட்டும். கூனிக்குறுகுவான். குறுகட்டும், அந்தப் பெண் ஏற்கெனவே குறுகிக் கிடக்கிறாள். ஆனால் படிப்பதற்கு முன்னால் அவள் சம்மதம் வேண்டும். மறுபடி இது பேச்சாக வேண்டாம் என்று அவள் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள்.

அவன் அப்பாவுக்கும் சொல்லிவிடுங்கள். மறைத்தால் அதுவும் இன்னொரு 1984.

அவள் வீட்டுக்கு நீங்கள் போகத்தான் வேண்டும். முன்கூட்டி அவள் அம்மாவிடம் கேளுங்கள். வரச் சொன்னால் போங்கள். அவனை அழைத்துவரலாமா என்பதை அவர்கள் சொல்லட்டும். அவள் வெளியே வந்து பேசவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். ‘எங்கள் பிள்ளை கெட்டவன் இல்லை’ என்ற வார்த்தை அங்கே உங்கள் வாயிலிருந்து வரக்கூடாது. போகும்போது பழமோ பலகாரமோ எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.