நெட்வொர்க்கிங் புதிதாகப் படிப்பவர் நெட்வொர்க் வேலைகளைப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளை மனப்பாடம் செய்துதான் தொடங்க வேண்டுமா?

வேண்டாம். ஏழு பெயரையும் வரிசையாக ஒப்பிப்பார்கள், ஆனால் பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டினால் என்ன நடக்கிறது என்று கேட்டால் தடுமாறுவார்கள், அப்படி நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். அது அவர்கள் தப்பு இல்லை, பாடம் அந்த வரிசையில் வருகிறது. இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட், இணையம் இன்றும் பேசும் விதிமுறைகளான டிசிபி/ஐபிக்கு மாறியது 1983 ஜனவரி 1 அன்று, ஓஎஸ்ஐ மாதிரி தரநிலையாக வெளிவந்தது 1984இல். இன்றைய இணையம் அந்த மாதிரியைப் பார்த்துக் கட்டப்பட்டதில்லை.

நான் சொல்வது, ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: வழியில் ஒரு பாக்கெட், அதாவது அனுப்பும் தரவின் ஒரு சிறு துண்டு, தொலைந்தால் யார் பொறுப்பு?

முகவரியைப் பார்த்து பாக்கெட்டை அனுப்பும் ஐபி பொறுப்பு இல்லை. ரவுட்டரில் இடம் நிரம்பிவிட்டால் வந்த பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும், பெரும்பாலும் யாருக்கும் சொல்லாது. வரிசை மாறி வரலாம், ஒன்றே இரண்டு தடவையும் வரலாம். இதையெல்லாம் சரிசெய்வது இரு முனையிலும் உள்ள கணினிகளில் ஓடும் டிசிபி: ஒவ்வொரு பைட்டுக்கும் எண் வைத்து, வந்து சேர்ந்ததா என்று பார்த்து, பதில் வராவிட்டால் திரும்ப அனுப்புகிறது. எவ்வளவு வேகமாக அனுப்பலாம் என்பதையும் அனுப்புகிறவரே கணிக்க வேண்டும். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பக்கத்திலேயே இருந்த பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையில் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து வெறும் 40 பிட்டுக்கு விழுந்தது, நெரிசல் அப்படி. அதற்கு அந்த ஆய்வகத்தின் ஆராய்ச்சியாளர் வான் ஜேக்கப்சன் 1988இல் எழுதிய தீர்வு, டிசிபி மெதுவாக ஆரம்பித்து, இழப்பு தெரிந்தால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதுதான், மாற்றம் முனைகளில் இருந்த மென்பொருளில். எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த விஷயம் இது.

டிசிபிக்குப் பதிலாகப் பயன்படும் யுடிபி இந்த வேலை எதையும் செய்யாது, தரவுக்கு முன்னால் அது சேர்க்கும் தலைப்பு (ஹெடர்) 8 பைட் மட்டும். தளத்தின் பெயரைச் சொல்லி ஐபி முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் மாதிரி ஒரு கேள்வி ஒரு பதில் என்று முடிகிற இடத்துக்கு அதுவே போதும், பதில் வராவிட்டால் இன்னொரு தடவை கேட்டால் சரி.

அப்புறம் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளைப் போட்டுக் கண்ணால் பாருங்கள். பிரவுசரில் சோதிக்காதீர்கள், அது டிஎன்எஸ் கேள்வியை மறையாக்கி அனுப்பலாம், டிசிபியை விட்டு, யுடிபி மேல் ஓடும் குவிக்கில் போகலாம், அதற்குள் ஆயிரம் வேறு இணைப்புகளும் திறந்திருக்கும். டெர்மினலில் கர்ல் என்ற கட்டளையைக் கொண்டு ஒரு பக்கத்தைக் கேளுங்கள். பெரும்பாலும் முதலில் 53ஆம் போர்ட்டுக்கு (எந்தச் சேவைக்கு என்று காட்டும் எண்) டிஎன்எஸ் கேள்வி போகும், பிறகு இணைப்பைத் தொடங்கும் டிசிபி கைகுலுக்கலின் மூன்று பாக்கெட்டுகள், அதன்பின் மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ், அதற்குமேல் உள்ளடக்கம் படிக்க முடியாது, ஆனால் ஐபி முகவரியும் போர்ட் எண்ணும் வெளிப்படையாகவே தெரியும். எது யாருக்குத் தெரிகிறது, எது தெரிவதில்லை என்பது இங்கேதான் மனதில் பதியும்.

இதைப் பார்த்த பிறகு அடுக்குகளைப் படியுங்கள், நேர்காணலில் எப்படியும் கேட்பார்கள். ஐபி முகவரிகளைச் சிறு குழுக்களாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கு தனிப் பயிற்சி, காகிதத்தில் போட்டால்தான் வரும். இணைய விதிமுறைகளை விவரிக்கும் ஆவணமான ஆர்எஃப்சி என்றாலே பயப்படுகிறவர்கள் யுடிபியை விவரிக்கும் ஆர்எஃப்சி 768ஐ எடுத்துப் பாருங்கள், 1980இல் எழுதியது, மொத்தம் மூன்று பக்கம்.