மூளைக்குள் யார் மடை திறப்பது?

கேள்வி: கடினமான கணக்கு ஒன்றைப் போடும்போது மூளைக்கு அதிக ரத்தம் பாயுமா?

பதில்: மொத்த அளவு பெரிதாக மாறாது. சும்மா படுத்திருந்தாலும் கணக்குப் போட்டாலும் நிமிடத்துக்குச் சுமார் 750 மில்லி லிட்டர்தான். மாறுவது பங்கீடு. வேலை நடக்கும் இடத்துக்கு மட்டும் ஓரிரு நொடிகளில் மடை திறக்கிறது.

திறப்பது யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்து, கழிவு சேர்ந்த பிறகுதான் ரத்தநாளம் விரிகிறது என்று நெடுங்காலம் நினைத்தார்கள். உண்மையில், பசிக்கும் முன்பே இலை போட்டாகிவிடுகிறது. குளூட்டமேட் என்ற சைகை வேதிப்பொருள் வந்து தொட்டதும் நியூரானுக்குள், அதாவது நரம்பு செல்லுக்குள், கால்சியம் நுழைகிறது. அது தூண்டும் நொதி நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கிறது. அந்த வாயு பரவி, பக்கத்து நுண்தமனியின் தசையைத் தளர்த்துகிறது. நாளத்தைச் சுற்றிப் பாதம் பதித்திருக்கும் ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்களும் இதில் கைகொடுக்கின்றன.

ஒரு சிக்கல் உண்டு. தேவை மயிரிழை போன்ற நாளமான தந்துகியில், மடையோ அதற்கு மேலே, நுண்தமனியில். நியூரான்கள் இயங்கும்போது வெளியே கசியும் பொட்டாசியத்தைத் தந்துகியின் சுவர் செல்கள் உணர்ந்து, ஒரு மின்சைகையைச் செல்லுக்குச் செல் கடத்தி, ரத்த ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் மேலே அனுப்புகின்றன. நுண்தமனியின் ஆரம் 10 சதவீதம் விரிந்தாலே போதும். ஓட்டம் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்பதால், அதே அழுத்தத்தில் ஏறத்தாழ 46 சதவீதம் கூடிவிடும்.

கேள்வி: மூளையில் வேலை நடக்கும் இடத்தைக் காட்டும் செயல்பாட்டு எம்.ஆர்.ஐ. படத்தில் ஒளிர்வது நியூரான்தானே?

பதில்: இல்லை, ரத்தம். ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைக் குலைத்து சிக்னலை மங்கச் செய்யும். ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா 1990இல் எலிகளின் மூளையில் இதைக் காட்டினார். நியூரான்கள் வேலை செய்யும்போது செலவைவிட வரத்து மிஞ்சிவிடுவதால் அந்த ஹீமோகுளோபின் அடித்துச் செல்லப்படுகிறது, சிக்னல் ஏறுகிறது. ஆனால் நியூரான் மில்லி நொடிகளில் முடித்த வேலைக்கு, படத்தில் உச்சம் வர 5, 6 நொடி ஆகும்.

இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. கழுத்துத் தமனி அடைபட்டவர்களிடமும், மூளைக்கட்டியை ஒட்டிய பகுதியிலும், நியூரான் உழைத்தாலும் நாளம் விரியாமல் போகலாம். படம் இருட்டாக இருக்கிறது, அங்கே ஒன்றுமில்லை என்று நம்பி அறுவை செய்தால் பேச்சே போய்விடக்கூடும். இதைச் சோதிக்க எளிய வழி: ஸ்கேனுக்குள்ளேயே நோயாளியை 15 நொடிபோல மூச்சை அடக்கச் சொல்வது. கார்பன் டை ஆக்சைடு ஏறும். நல்ல நாளங்கள் எல்லாமே விரியும். அப்போதும் அசையாத இடத்தில் பழுது நாளத்தில்தான். அங்கே வெற்றுப் படத்தை நம்பக் கூடாது.

கேள்வி: அந்த ஸ்கேனுக்கு முன் காபி குடித்தோமா என்று ஏன் கேட்கிறார்கள்?

பதில்: கஃபீன், நாளங்களை விரிக்கும் அடினோசினைத் தடுக்கிறது. இரண்டு கப் காபி அளவுக்கே மூளையின் ரத்த ஓட்டம் 20 சதவீதத்துக்கு மேல் குறையலாம். மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வேகமாக மூச்சு வாங்கினால் தலை சுற்றுவது ஏன்? ஆக்சிஜன் கூடத்தானே செய்யும்?

பதில்: ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்கெனவே கிட்டத்தட்ட நிறைந்தே இருக்கிறது, கூட இடமில்லை. குறைவது கார்பன் டை ஆக்சைடு. அதன் அழுத்தம் 1 மி.மீ. பாதரசம் இறங்கினால் மூளையின் ரத்த ஓட்டம் சுமார் 3 சதவீதம் சுருங்கும். உட்கார்ந்து, மூச்சை மெதுவாக விட்டால் சில நிமிடங்களில் பழையபடி ஆகும்.