பதின்ம வயது இறப்பு விகிதத்தை அன்றும் இன்றும் எப்படி ஒப்பிடுவது?

கேள்வி இதுதான்: "அந்தக் காலத்தில் இப்படி இள வயதில் யாரும் சாகவில்லை, இப்போதுதான் அதிகம் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்கள். மக்கள்தொகைப் புள்ளிவிவரங்களை வைத்து இது உண்மையா என்று பார்க்க முடியுமா?"

முடியும். ஆனால் மொத்த விகிதம் ஒன்றை மட்டும் எடுத்து இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டால் முக்கியமான விஷயம் கண்ணில் படாமலே போய்விடும். சமூக மருத்துவம் படித்தவன் என்ற முறையில், எனக்கு நன்றாகத் தெரிந்த அமெரிக்கக் கணக்கை வைத்தே சொல்கிறேன். அங்கே இறப்புப் பதிவு கிட்டத்தட்ட முழுமையானது, காரணமும் சேர்ந்தே பதிவாகிறது.

முதலில் எண்ணிக்கையை விட்டுவிட்டு விகிதத்துக்கு வாருங்கள். ஓராண்டில் இறந்தவர்களை அந்த ஆண்டின் நடுப்பகுதி மக்கள்தொகையால் வகுத்து, லட்சத்துக்கு இத்தனை என்று சொல்வது வழக்கம். 1957-ல் மட்டும் அமெரிக்காவில் சுமார் 43 லட்சம் குழந்தைகள் பிறந்தார்கள். அவர்கள் 1970-களில் பதின்ம வயதை எட்டியபோது, ஆபத்து கூடாமலே சாவு எண்ணிக்கை கூடியிருக்கும். வகுத்துப் பார்த்தால்தான் அது தெரியும்.

சரி, இப்போது எண்கள். 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களில், 1999-ல் லட்சத்துக்கு 44.4 பேர் இறந்தார்கள். 2013-ல் அது 29.6. மூன்றில் ஒரு பங்கு குறைவு, பெரிய சாதனை. 2016-ல் 33.1 ஆக மறுபடி ஏறியது. வெறும் 1999, 2016 இரண்டையும் ஒப்பிட்டால் "குறைந்திருக்கிறது" என்று முடித்துவிடுவோம். 2013, 2016 மட்டும் பார்த்தால் "ஏறிவிட்டது" என்போம். இரண்டுமே சரிதான், இரண்டுமே போதாது. தொடக்க ஆண்டை நமக்கு வசதியாகத் தேர்ந்தெடுத்தால் எதையும் நிரூபித்துவிடலாம் என்பதால், நடுவில் உள்ள எல்லா ஆண்டுகளையும் வரிசையாகப் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

இதைவிட முக்கியமானது காரணவாரியாகப் பிரிப்பது. அந்த வீழ்ச்சியில் பெரும்பங்கு விபத்துச் சாவுகள் குறைந்ததால் வந்தது. 1999-ல் 20.6 ஆக இருந்தது 2013-ல் 10.6 ஆனது. இதில் பெரும்பகுதி சாலை விபத்துகள். புதிதாக ஓட்டுபவர்களுக்கு உரிமத்தைப் படிப்படியாகத் தரும் சட்டம் ஃப்ளோரிடாவில் 1996-ல் தொடங்கி மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. சீட் பெல்ட், பாதுகாப்பான வண்டிகள் எல்லாம் சேர்ந்து பிள்ளைகளைக் காப்பாற்றின. ஆனால் அதே காலத்தில் தற்கொலை விகிதம் வேறு பாதையில் போனது. 1999-ல் 4.6, 2007-ல் 3.9, அப்புறம் திரும்பி 2016-ல் 6.1. அதாவது 2007 முதல் 2013 வரை மொத்த விகிதம் இறங்கிக்கொண்டிருந்தபோதே அதற்குள் ஒரு துயரம் ஏறிக்கொண்டிருந்தது. மொத்தத்தை மட்டும் பார்த்தவர்களுக்கு அது தெரிய வாய்ப்பே இல்லை. இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இந்தப் பதிலையே எழுதுகிறேன்.

பிறகு 2020, 2021. 1 முதல் 19 வயது வரையிலான இறப்பு விகிதம் முதல் ஆண்டில் 10.7 சதவீதமும் அடுத்த ஆண்டில் 8.3 சதவீதமும் கூடியது. கொரோனாதான் காரணம் என்று யாரும் நினைப்பார்கள். ஆனால் கூடுதலில் பெரும்பகுதி துப்பாக்கிச் சாவுகள், போதைப்பொருள் அளவு மீறிய சாவுகள், வாகன விபத்துகள். 14 முதல் 18 வயதினரில் போதைப்பொருளால் இறந்தவர்கள் 2019-ல் 492 பேர், 2020-ல் 954 பேர். போதைப்பொருள் பயன்படுத்தும் பிள்ளைகள் கூடவில்லை. போலி மாத்திரைகளில் ஃபென்டனில் என்ற மிகக் கடுமையான செயற்கைப் போதைமருந்து கலந்து வந்ததுதான் கொன்றது.

இன்னும் பின்னே போனால் வேறொரு சிக்கல். 15 முதல் 24 வயதினரின் விகிதம் 1960-ல் 106.3, 1970-ல் 127.7. வியட்நாம் போர்தானே என்று தோன்றும். ஆனால் அமெரிக்காவின் இறப்புப் புள்ளிவிவரம் நாட்டுக்குள் நடந்த சாவுகளை மட்டுமே எண்ணுகிறது. வியட்நாமில் விழுந்த 18, 19 வயதுப் பையன்கள் இந்தக் கணக்கில் இல்லை. அவர்களைச் சேர்க்காமலே ஏற்றம் அவ்வளவு.

நம் ஊருக்கு வந்தால் வகுத்தலின் மேலே உள்ள சாவு எண்ணிக்கை, கீழே உள்ள மக்கள்தொகை இரண்டையுமே சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. 2021-ல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், 2011-க்குப் பிந்தைய விகிதங்கள் பெரும்பாலும் மதிப்பிட்ட மக்கள்தொகையால் வகுத்தவை. வயதை 15, 20 என்று ஐந்தின் மடங்காகச் சொல்லும் பழக்கமும் வயதுப் பிரிவுகளைக் கலைத்துவிடும். பதிவு ஒழுங்காக நடக்க ஆரம்பித்தாலே சாவு கூடியதுபோலத் தெரியும்.

மறைந்திருப்பது எவ்வளவு என்பதற்கு வேலூர் பக்கத்துக் கணியம்பாடியே சாட்சி. சுமார் 1,08,000 பேர் வாழும் அந்த ஒன்றியத்தில், கிறித்துவ மருத்துவக் கல்லூரிக் குழு 1992 முதல் 2001 வரை ஒவ்வொரு சாவுக்கும் வீடு தேடிப் போய்க் காரணம் விசாரித்தது. 10 முதல் 19 வயதுப் பெண்களில் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 148, ஆண்களில் 58. அந்த வயதுப் பெண்களின் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலை. அமெரிக்கா பதறிய எண் 6.1 என்பதை நினைத்துப் பாருங்கள். ஆண், பெண் என்று பிரிக்காமல் சராசரி எடுத்திருந்தால் அந்தப் பெண்பிள்ளைகளின் நிலை பாதி மறைந்திருக்கும்.

உங்கள் மாவட்டத்தை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால், 10–14, 15–19 வயதுப் பிரிவுகளைத் தனித்தனியாக எடுங்கள். ஆண், பெண் பிரியுங்கள். ஓராண்டில் 20 சாவுகளுக்குக் குறைவாக இருந்தால் மூன்று, ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடுங்கள், இல்லாவிட்டால் தற்செயலான ஏற்ற இறக்கத்தைப் போக்கு என்று நினைத்துவிடுவீர்கள்.