சித்தப்பாவின் பாய்

ஐயா, அப்பாவுக்கு ஆறு வருஷமாக சொரியாசிஸ் என்ற தோல் நோய். முழங்கை, முழங்கால், தலை. ஊர் சலூனில் நாற்காலி கொடுப்பதில்லை, 'ரத்தம் கெட்டுப்போச்சு' என்கிறார்கள். டாக்டர் வாரத்துக்கு ஒரு தடவை போடச் சொல்லி மெத்தோட்ரெக்சேட் எழுதினார். 'இது கேன்சர் மாத்திரையாச்சே' என்று மருந்துக்கடையில் சொன்னதிலிருந்து அப்பா தொடவே இல்லை. கொடுக்கலாமா?
(வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு வாசகர்)

அன்புள்ள தம்பிக்கு,

என் சித்தப்பாவுக்கும் இதுதான். விடியுமுன் சித்தி அவர் பாயைக் கொல்லைக்குக் கொண்டுபோய் உதறுவாள். தவிடு மாதிரிக் கொட்டும். அறுப்பின்போது நெல்தாள் கிழித்த கீறல், பத்துப் பதினைந்து நாளில் அதே கோட்டில் படையாக எழும்பும். சித்தப்பா நெல்லைத் திட்டுவார். கோப்னர் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை 19ஆம் நூற்றாண்டிலேயே குறித்துவைத்துவிட்டார்.

ரத்தம் கெடவில்லை, தோலுக்கு அவசரம். மேல்தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம், நம் நாற்றங்கால் கணக்குதான். சொரியாசிஸில் நாலைந்தே நாள். வருகிற வழியில் உட்கருவைக் கரைக்கக்கூட நேரமில்லாமல், அதோடேயே மேலே வந்து நிற்கும். செல்லுக்கு உறை தைக்கும் டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி மேலடுக்கில் தொடங்க வேண்டிய வேலையைக் கீழேயே தொடங்கிவிடுகிறது. செல் பெருக உதவும் ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸும் அங்கே மிகுதி. நொதிகளைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. விரட்டுவது நம் உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்கள். இன்டர்லூக்கின் 17, 23 என்பவை அவை அனுப்பும் தாக்கீதுகள். தொற்றும் கிருமி எதுவும் இதில் இல்லை.

அந்த மாத்திரை, ஃபோலிக் அமிலத்தைச் செல்லுக்குப் பயன்படும்படி மாற்றும் நொதியை அடைக்கிறது. கேன்சருக்குப் பெரிய அளவில் கொடுப்பார்கள், இதற்குச் சிறிய அளவில். அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கொடுக்கிறார்கள். சிறிய அளவில் அது முக்கியமாக அடக்குவது எதிர்ப்புச் செல்களைத்தான். நான் பயப்படுவது வேறொன்றுக்கு: வாரம் ஒருமுறை என்பதைத் தினம் என்று எடுத்துக்கொண்டால் எலும்பு மஜ்ஜை ஓய்ந்து உயிருக்கே ஆபத்து. காலண்டரில் கிழமையை வட்டம் போட்டு வையுங்கள். அப்பா குடிப்பவர் என்றால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், கல்லீரல் விஷயம். ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். வைத்தீஸ்வரன் கோயிலில் உப்பும் மிளகும் போட்டுவிட்டு வரட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. மாத்திரையை டாக்டரைக் கேட்டுத் திரும்பத் தொடங்கட்டும்.

அடுத்த தடவை சலூனுக்கு நீங்களும் கூடப் போங்கள். முதலில் அப்பா உட்காரட்டும். அவர் எழுந்ததும் துடைக்கச் சொல்லாமல் அதே நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள்.