நாலு வயசுக் குழந்தையின் இருமலுக்கு சிரப் வேண்டாம்

கேள்வி: ஏற்காட்டில் தோட்டத்துக் குடியிருப்பில் இருக்கிறோம். நாலு வயது மகளுக்கு ஒரு வாரமாக இருமல், தொண்டை வலி. காய்ச்சல் இரண்டு நாளில் விட்டுவிட்டது. ராத்திரியில்தான் இருமல் அதிகம். மெடிக்கலில் ஒரு சிரப் கொடுத்தார்கள். கொடுக்கலாமா? எட்டு மாதத் தம்பிக்கும் மூக்கு ஒழுகுகிறது.

பதில்: அதைக் கொடுக்காதீர்கள் அம்மா. ஐந்து வயதுக்குள் இருமல் சிரப் பொதுவாகத் தேவையில்லை, இரண்டு வயதுக்குள் கூடவே கூடாது என்று மத்திய சுகாதாரத் துறையே சொல்லியிருக்கிறது. சுற்றறிக்கை டெல்லியிலிருந்து கிளம்புகிறது, மருந்துக்கடை கவுண்டர் வரைக்கும்தான் வந்து சேர்வதில்லை. 2025-இல் மத்தியப் பிரதேசத்தில் அத்தனை குழந்தைகளைக் கொன்ற கோல்ட்ரிஃப் இருமல் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. சோதித்த மருந்தில் கிட்டத்தட்ட பாதி டைஎத்திலீன் கிளைக்கால், சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும் விஷம். அதற்குப் பிறகும் சீட்டு கேட்காமல் பாட்டிலை நீட்டுகிறார்கள் என்றால் என்ன சொல்ல?

சளி இருமல் பெரும்பாலும் வைரஸால் வருவது. காய்ச்சல் போன பிறகும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். மகளுக்குப் படுக்கும் முன் அரை முதல் ஒரு டீஸ்பூன் தேன் கொடுங்கள், இரவு இருமல் குறையும். மாமியார் அதில் கற்பூரவள்ளிச் சாறு இரண்டு சொட்டு விட்டால் விடட்டும். வெதுவெதுப்பான கஞ்சி, காரமில்லாத ரசம், பால் எல்லாம் தொண்டைக்கு இதம். பனங்கற்கண்டைக் கட்டியாக வாயில் போட்டால் புரையேறும், பாலில் கரைத்துக் கொடுங்கள். வலி அதிகம் என்றால் பாராசிட்டமால் போதும். ஆனால் 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளதும் 250 உள்ளதும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். லேபிளைப் படித்து, எடைக்கு எவ்வளவு என்று டாக்டரிடமோ செவிலியரிடமோ கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

தம்பிக்குத் தேன் வேண்டவே வேண்டாம். ஒரு வயது முடியும்வரை நாக்கில் தொட்டு வைப்பதும் கூடாது. தேனில் போட்டுலிசம் கிருமியின் வித்துகள் இருக்கலாம், அவை கைக்குழந்தையின் குடலில் முளைத்து உடலைத் துவளச் செய்யும். பாலில் கலந்து கொதிக்க வைத்தேன் என்பார்கள், அந்த வித்துகள் கொதியில் சாகாது. சேர்வராயன் மலை அசல் தேன் என்பார்கள், அசல் தேனிலும் அவை இருக்கலாம். (மலைப் பாதையோரம் பாட்டிலில் விற்பது அசலா வெல்லப்பாகா என்பது வேறு கதை.) அவனுக்குத் தாய்ப்பாலும், மூக்கடைத்தால் சலைன் சொட்டும் போதும். மூக்கில் எண்ணெய் விடாதீர்கள். குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை காட்டுவதையும் கொசுவர்த்தியையும் நிறுத்துங்கள்.

கொதிக்கும் பாத்திரத்தின் முன் உட்காரவைத்து ஆவி பிடிப்பதும் வேண்டாம். அதில் வெந்து புண்ணாகி வரும் பிள்ளைகளைப் பார்த்துச் சலித்துவிட்டது.

பிள்ளை தூங்கும்போது ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். மகளுக்கு 40, தம்பிக்கு 50, அதற்கு மேல் போனாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, மூச்சில் சத்தம் வந்தாலோ, எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தாலோ, பால் குடிக்க மறுத்துச் சோர்ந்து கிடந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கீழே சேலம் போய்ச் சேர 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.